மலை வீட்டுக்கு மடக்கு ட்ரெட்மில்: வாங்குவதற்கு முன் அளந்து பார்க்க வேண்டியவை

கோத்தகிரியில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து தார்ச்சாலைக்கு ஏறுவதற்கு நாற்பத்து மூன்று படிகள் உள்ளன. ஆகவே நாங்கள் ட்ரெட்மில் வாங்கப் போகிறோம் என்று சொன்னதும், கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த என் நாத்தனார் சிரித்துவிட்டார். ஏறி இறங்கினாலே உடம்பு இளைக்கிற ஊரில் நடப்பதற்கென்று ஓர் இயந்திரமா என்பது அவருடைய கேள்வி. சமவெளியில் இருப்பவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். மூட்டு தேய்ந்தவருக்கு ஏற்றத்தைவிட இறக்கமே கொடியது என்பதும், இங்கே எந்தத் திசையில் புறப்பட்டாலும் பாதி வழி இறக்கமாகவே அமையும் என்பதும், அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்தால் டிசம்பர் வரை பாதையெல்லாம் பாசி வழுக்கும் என்பதும், விடிவதற்கு முன் தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் கரடியோ காட்டெருமையோ நிற்கக்கூடும் என்பதும் இங்கே குடியிருப்பவர்களுக்குத்தான் தெரியும். மலையில் வீடு உள்ளவர் ட்ரெட்மில் மூலம் வாங்குவது நனையாத, வழுக்காத, சமமான ஒன்றரை மீட்டர் தரையைத்தான். இதை மனத்தில் இருத்திக்கொண்டால், கடைக்காரர் அடுக்கிக் காட்டும் வசதிகளில் எதற்குப் பணம் கொடுக்கலாம், எதை விட்டுவிடலாம் என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

உதாரணமாக, இயந்திரத்தின் தளத்தைத் தானாகச் சாய்த்து ஏற்றம் உண்டாக்கும் வசதிக்காகக் கூடுதலாகப் பணம் கேட்பார்கள். ஏற்றம் நமக்கு வாசலிலேயே இலவசமாகக் கிடைக்கிறது; அது வேண்டாம்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொடைக்கானல் ஏரியைச் சுற்றிச் செல்லும் சுமார் 5 கிலோமீட்டர் சாலைக்கு அருகில் குடியிருந்து, காலும் நன்றாக இருந்து, பகலில் ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தவர்களுக்கு இந்த இயந்திரம் தேவையில்லை. அந்தச் சாலை ஏறக்குறைய சமமானது. ஒரு குடையும் நல்ல காலணியும் வாங்கிக்கொண்டால் போதும்.

நடக்கப் போவது யார்?

ஒரு தாளை எடுத்து, வீட்டில் இயந்திரத்தைப் பயன்படுத்தப் போகிற ஒவ்வொருவரின் எடை, உயரம், மூட்டு வலி உண்டா, நடப்பாரா ஓடுவாரா என்பதை எழுதிக்கொள்ளுங்கள். வாங்கும் இயந்திரம் அந்தத் தாளில் உள்ள மிக அதிக எடைக்கும், மிக அதிக உயரத்துக்கும், மிகத் தளர்ந்த காலுக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும். பிளஸ் டூ படிக்கும் மகன் ஓடுவேன் என்று சொல்வதை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள். அவன் ஒரு வாரம் ஓடுவான், பிறகு விடுதிக்குப் போய்விடுவான். ஓட்டத்துக்கான இயந்திரம் நீளமானது, கனமானது. சிறிய வீட்டில் அந்த நீளத்தையும் கனத்தையும் ஆண்டு முழுவதும் சுமக்கப் போவது மற்றவர்கள்தான்.

இதய நோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், சர்க்கரையால் பாதம் மரத்துப்போன நிலை ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் மருத்துவரைக் கேட்ட பிறகே கடைக்குப் போக வேண்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு ஓடும் பெல்ட்டின் மேல் கால் எங்கே படுகிறது என்பது தெரியாது.

செய்தித்தாளை விரித்து அளத்தல்

கைப்பிடியுள்ள மடக்கு ட்ரெட்மில் விரித்த நிலையில் ஏறக்குறைய 150 முதல் 160 செ.மீ. நீளமும் 70 செ.மீ. அகலமும் எடுத்துக்கொள்ளும். கைப்பிடி இல்லாத தட்டையான வாக்கிங் பேட் என்றால் சுமார் 140 செ.மீ. நீளம், 55 செ.மீ. அகலம். பழைய செய்தித்தாள்களை ஒட்டி இந்த அளவுக்கு வெட்டித் தரையில் விரித்து, மூன்று நாட்கள் அப்படியே வைத்திருங்கள். காபி டம்ளருடன் சமையலறையிலிருந்து வருகிறவர் அதை எத்தனை முறை மிதிக்கிறார், பீரோக் கதவு அதன் மேல் வந்து நிற்கிறதா, கட்டிலிலிருந்து இறங்கக் கால் வைக்க இடம் இருக்கிறதா என்பதெல்லாம் டேப்பில் தெரியாது, தாளில் தெரியும். எங்கள் வீட்டில் முதலில் தேர்ந்தெடுத்த மூலை இப்படித்தான் அடிபட்டுப்போனது. கேஸ் சிலிண்டர் போகும் வழி அது என்பதை நாங்கள் யாருமே யோசித்திருக்கவில்லை.

இயந்திரத்தின் பின்புறம் எவ்வளவு வெற்றிடம் விடுகிறீர்கள் என்பது பாதுகாப்புக்கு முக்கியம். நடக்கும்போது தடுமாறினால் பெல்ட் உங்களைப் பின்னால்தான் தள்ளும். அங்கே சுவரோ அலமாரியோ நெருக்கமாக இருந்தால், ஓடுகிற பெல்ட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஆள் சிக்கிக்கொள்வார். பெரும்பாலான கையேடுகள் இரண்டு மீட்டர் இடைவெளி கேட்கின்றன. பத்துக்குப் பத்து அறையில் அது கிடைக்காது. அத்தகைய அறையில் இயந்திரத்தின் பின்பக்கம் வாசலை நோக்கி இருக்குமாறு வைத்து, நடக்கும் நேரத்தில் கதவைத் திறந்து வைத்துக்கொள்வதே நான் கண்ட வழி. அந்த நேரத்தில் வாசலில் குழந்தைகள் விளையாடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது கூரை. தகரக் கூரையோ ஓட்டுக் கூரையோ போட்ட வீடுகளிலும், தோட்டத் தொழிலாளர்களுக்காக வரிசையாக ஒட்டிக் கட்டிய எஸ்டேட் லைன் வீடுகளிலும் கூரை ஒரு பக்கம் தாழ்ந்து வரும். பீரோவும் பெட்டியும் அந்தத் தாழ்ந்த பக்கத்தில்தான் இருக்கும் என்பதால் இயந்திரத்தையும் அங்கேயே வைக்கத் தோன்றும். ஆளின் உயரம், பெல்ட் தளத்தின் உயரம், நடக்கும்போது தலை மேலெழும்பும் அளவு ஆகிய மூன்றையும் கூட்டிப் பாருங்கள். 175 செ.மீ. உயரமுள்ளவர் 15 செ.மீ. தளத்தின் மேல் நின்றால், தலைக்கு மேல் 20 செ.மீ. இடைவெளியும் சேர்த்து 210 செ.மீ. வேண்டும், அது ஏறக்குறைய ஏழடி.

தரையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பலகைத் தரையுள்ள பழைய வீடு என்றால் அறையின் நடுவில் வைக்காமல், அடியில் கட்டைகள் சுவரில் தாங்கும் இடத்துக்கு அருகில் வையுங்கள். சிமென்ட் தரையானாலும் தடித்த ரப்பர் விரிப்பு தேவை. லைன் வீட்டில் பொதுச்சுவருக்கு அந்தப்பக்கம் தூங்குகிறவரின் பொறுமையும் அதைப் பொறுத்ததுதான். கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கித் தரை சமமா என்று பார்த்துவிடுங்கள், ஏனெனில் சாய்ந்த தரையில் பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொண்டே போகும்.

சுவரில் உள்ள மூன்றாவது துளை

இயந்திரத்தைப் பார்க்கப் போவதற்கு முன் எலக்ட்ரீஷியனை வீட்டுக்கு அழைக்க வேண்டும். மலையில் பழைய வீடுகளின் வயரிங் பல கைகள் மாறியது. எங்கள் வீட்டில் எலக்ட்ரீஷியன் தம்பி ஒரு குண்டு பல்பை ஹோல்டரில் மாட்டி, ஒரு வயரைப் பிளக்கின் ஃபேஸ் துளையிலும் மற்றொன்றை எர்த் துளையிலும் செருகிப் பார்த்தார். பல்பு எரியவில்லை.

“டீச்சர், இந்த மூணாவது ஓட்டை சும்மா அழகுக்குத்தான் இருக்கு. உள்ள ஒயரே வரல.”

“இருபது வருசமா கிரைண்டர் இதுலதானேப்பா ஓடுது?”

“ஓடும் டீச்சர். ஷாக் அடிக்கிற அன்னிக்குத்தான் தெரியும்.”

இரும்புச் சட்டத்தின் மேல் வியர்த்த உடம்போடு, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நடக்கப் போகிறோம். எர்த் இல்லாத பிளக்கில் ட்ரெட்மில்லைச் செருகவே கூடாது. இந்தச் சோதனையைத் தெரிந்தவர்தான் செய்ய வேண்டும். நீங்களாக முயல வேண்டாம். எர்த் குழி இருக்கும் வீடுகளில்கூட, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மண் காய்ந்துவிட்டால் குழிக்குத் தண்ணீர் ஊற்றி ஈரத்தைக் காக்க வேண்டும்.

அதே எலக்ட்ரீஷியனிடம் வோல்டேஜையும் பார்க்கச் சொல்லுங்கள். காலை ஆறிலிருந்து எட்டு மணி வரை தெருவே கீசரைப் போட்டிருக்கும். நீங்கள் நடக்கப் போவதும் அந்த நேரத்தில்தான். அப்போது 200 வோல்ட்டுக்குக் கீழே அடிக்கடி இறங்குகிறது என்றால் ஸ்டெபிலைசருக்கும் சேர்த்துப் பணம் எடுத்து வைக்க வேண்டும். டி.வி.க்கு வாங்கிய பழைய ஸ்டெபிலைசர் இந்தச் சுமையைத் தாங்காது. இயந்திரத்தின் வாட் அளவைச் சொல்லி அதற்கேற்ற பெரியதைக் கேட்டு வாங்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலும் வீட்டு இன்வெர்ட்டரிலும் ஓட்டக் கூடாது.

மின்கட்டணத்தைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். நடக்கும்போது சராசரியாக 500 வாட் இழுக்கும் இயந்திரத்தில் நாளொன்றுக்கு அரை மணி நேரம் நடந்தால் கால் யூனிட். இரண்டு மாதத்துக்கு 15 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகை இல்லை. கீசர் இதைவிட அதிகம் தின்னும்.

படுப்பதா, நிற்பதா?

சிறிய வீட்டுக்கு ஏற்றவை என்று விற்கப்படுபவை மூன்று விதம். முதலாவது, தட்டையான வாக்கிங் பேட். 12 முதல் 15 செ.மீ. தடிமன்தான் இருக்கும்; கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம்; எடையும் பெரும்பாலும் 20 முதல் 25 கிலோவுக்குள் அடங்கும்; வேகம் மணிக்கு 6 கி.மீ. வரை. பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை என்பதே அதன் பெருங்குறை. காலில் உறுதியுள்ள நாற்பது வயதுக்காரர் மடிக்கணினியை உயரமான மேசையில் வைத்து வேலை பார்த்துக்கொண்டே நடப்பதற்கு அது நல்ல பொருள். மலையில் மின்சாரம் சொல்லாமல் போகும், காற்றடித்தால் மரம் கம்பியில் சாயும், பெல்ட் சட்டென்று நிற்கும். பிடிமானம் இல்லாத முதியவர் அப்போது முன்பக்கமாகச் சாய்வார். அறுபதைத் தாண்டியவர்கள் உள்ள வீட்டுக்கு நான் வாக்கிங் பேடைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இரண்டாவது, கைப்பிடியும் காட்சிப்பலகையும் கொண்டு, பெல்ட் தளத்தைத் தூக்கிச் செங்குத்தாக நிறுத்தும் வழக்கமான மடக்கு ட்ரெட்மில். நிறுத்திவிட்டால் ஒரு நாற்காலிக்கான இடம் போதும். ஆனால் கனம் அதிகம். மூன்றாவது, தட்டையாகவும் இருந்து, தேவைப்பட்டால் ஒற்றைக் கைப்பிடியைத் தூக்கி நிறுத்திக்கொள்ளும் கலப்பு வகை. இந்தக் கைப்பிடி ஆடுகிறதா என்று கடையில் உங்கள் முழு எடையையும் அதன் மேல் சாய்த்துப் பாருங்கள். பல இயந்திரங்களில் அது கைபேசி வைக்கும் தாங்கியாகத்தான் பயன்படும், ஆளைத் தாங்காது.

மடக்குவதைப் பற்றி எங்கள் அனுபவத்தைச் சொல்லியாக வேண்டும். முதலில் வாங்கியது 58 கிலோ எடையுள்ள இரண்டாவது வகை இயந்திரம். கடையில் விற்பனையாளர் ஒற்றைக் கையால் தூக்கி மடக்கிக் காட்டினார். அவருக்கு இருபத்தைந்து வயது. வீட்டில் அதே வேலையை என் கணவர் செய்ய, குனிந்து, முழங்காலை மடக்கி, தளத்தின் பின்முனையைத் தரையிலிருந்து தூக்க வேண்டியிருந்தது. மூட்டு வலிக்காக வாங்கிய பொருளை மடக்குவதற்கே மூட்டு ஒத்துழைக்கவில்லை. பதினைந்து நாளில் அது விரித்தபடியே கூடத்தில் நிலைத்துவிட்டது. கார்த்திகை மழையில் காயாத துண்டுகளும் அதன் கைப்பிடிக்கு வந்து சேர்ந்தன. பிறகு அதை நட்டத்துக்கு விற்றோம். ஆகவே, வீட்டில் யார் தினமும் மடக்கப் போகிறாரோ அவரையே கடைக்கு அழைத்துச் சென்று, விற்பனையாளரை விலகி நிற்கச் சொல்லி, மூன்று முறை மடக்கி விரிக்கச் சொல்லுங்கள். தளம் தானாக மெதுவாக இறங்க உதவும், வாயு அடைத்த தாங்குதண்டு உண்டா, மடக்கியதும் கொக்கி ‘டக்’ என்று விழுகிறதா, விடுவிக்கக் காலால் மிதிக்கும் நெம்புகோல் எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். அடியிலுள்ள சக்கரங்கள் வழவழப்பான கடைத்தரையில் ஓடும். நம் வீட்டு நிலைப்படியைத் தாண்டாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

குதிரைத்திறனும் வாட்டும்

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது மோட்டார் ஒரு நொடி எட்டிப் பிடிக்கக்கூடிய உச்சத்திறன். கடைகளில் அதைப் ‘பீக் ஹெச்.பி.’ என்பார்கள். உங்களுக்கு வேண்டியது மணிக்கணக்கில் சூடேறாமல் தரக்கூடிய தொடர்திறன். இதைக் கேட்டால் பல கடைகளில் பதில் வராது. ஆனால் மின்வயர் நுழையும் இடத்துக்கு அருகில் ஒட்டியுள்ள சிறிய தகட்டில் எத்தனை வாட் என்று இருக்கும். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். தகட்டில் 750 வாட் என்று எழுதியிருக்கும் இயந்திரம், அட்டைப்பெட்டியில் 3 ஹெச்.பி. என்று அச்சடித்திருந்தாலும், தொடர்ந்து ஒரு குதிரைத்திறனுக்கு மேல் தர வழியில்லை. கைபேசியில் ஒரு வகுத்தல் கணக்குப் போட்டுவிட்டு விற்பனையாளரின் முகத்தைப் பாருங்கள்.

நடப்பதற்கு மட்டும் என்றால் தொடர்திறன் ஒன்றேகால் முதல் ஒன்றரை ஹெச்.பி. போதும், மெல்லோட்டத்துக்குக் குறைந்தது இரண்டு ஹெச்.பி. வேண்டும். மலையில் ஒரு சிறு திருத்தம் உண்டு. மின்மோட்டார்களின் திறனைப் பொதுவாகக் கடல் மட்டத்திலிருந்து 1000 மீட்டர் உயரம் வரைக்கு என்று கணக்கிட்டே சொல்கிறார்கள். குன்னூர் சுமார் 1850 மீட்டரிலும், கொடைக்கானல் 2100 மீட்டருக்கு மேலும், ஊட்டி சுமார் 2240 மீட்டரிலும் உள்ளன. காற்று மெலிந்திருப்பதால் மோட்டாரின் விசிறி எடுத்துச் செல்லும் வெப்பம் குறையும். இங்குள்ள குளிர் அதை ஓரளவு ஈடுகட்டிவிடும். எனவே அச்சப்பட ஒன்றுமில்லை, ஆனால் இரண்டு மாதிரிகளுக்கு நடுவே தயங்கினால் ஒரு படி கூடுதலான மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் அரை மணி நேரம் நடந்து இறங்கியதும் அடுத்தவர் ஏறுவதற்கு முன் பத்து நிமிடம் ஓய்வு கொடுப்பதும் நல்லது.

மோட்டாரைச் சோதிக்க வேகமாக ஓட்டிக் காட்டச் சொல்லக் கூடாது. அதிக எடையுள்ள ஒருவர் மிக மெதுவாக நடப்பதுதான் சிறிய மோட்டாருக்குக் கடினமான வேலை. வீட்டிலேயே எடை மிகுந்தவரை ஏற்றி, மணிக்கு 2 கி.மீ. வேகத்தில் ஐந்து நிமிடம் நடக்க விடுங்கள். ஒவ்வொரு முறை பாதம் பதியும்போதும் பெல்ட் ஒரு கணம் தயங்கித் தயங்கி நகர்ந்தால் அந்த இயந்திரத்தை விட்டுவிடலாம். வீட்டிலுள்ள மிக அதிக எடைக்கும் இயந்திரம் தாங்கும் என்று எழுதியுள்ள எடைக்கும் நடுவே குறைந்தது 20 கிலோ வித்தியாசம் இருக்கட்டும்.

பெல்ட்டின் அகலம் 40 செ.மீ.க்குக் குறையக் கூடாது. கால் அகட்டி நடக்கும் முதியவருக்கு 45 இருந்தால் நிம்மதி. நீளம், நடப்பவருக்கு 100 முதல் 110 செ.மீ.; ஐந்தே முக்கால் அடிக்கு மேல் உயரமானவருக்கும் மெல்லோட்டக்காரருக்கும் 120 செ.மீ.க்கு மேல். இந்த அளவு பெல்ட்டுக்கு உரியது. இருபுறமும் உள்ள பிளாஸ்டிக் கால்பட்டைகளையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் இருப்பதால், டேப்பை நீங்களே வைத்து அளந்துவிடுங்கள். பாட்டுப் பெட்டி, இதயத்துடிப்புக் காட்டி, செயலி இணைப்பு போன்றவை இருந்தால் இருக்கட்டும். அவற்றுக்காக விலை கூட்டாதீர்கள்.

சாலையிலிருந்து வீடு வரை

இணையத்தில் வாங்கினால் வண்டி தார்ச்சாலையில் நின்றுவிடும். அங்கிருந்து படியிறங்கி வீடு வரை கொண்டுவருவது உங்கள் பாடு. 30 கிலோவுக்கு உட்பட்டதை இரண்டு பேர் தூக்கிவிடலாம். 50 கிலோவைத் தாண்டினால் குறுகலான படியில் மூன்று பேர் பக்கவாட்டில் நிற்க இடம் போதாது. எனவே கைப்பிடித் தூணைக் கழற்றிப் பூட்டக்கூடிய மாதிரியா என்று முன்கூட்டியே கேளுங்கள். தூக்குகூலியையும் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

விற்ற பின் பழுது பார்ப்பவர் யார் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. நீலகிரிக்கு மெக்கானிக் பெரும்பாலும் கோயம்புத்தூரிலிருந்து ஏறி வர வேண்டும். கொடைக்கானலுக்கு மதுரையிலிருந்தோ திண்டுக்கல்லிலிருந்தோ. ‘இந்தியா முழுவதும் வீட்டிலேயே சர்வீஸ்’ என்ற வரியை நம்பி வாங்கிய என் தங்கைக்கு, கொடைக்கானல் நாயுடுபுரத்தில், ஒரு சிறிய சென்சார் மாற்றுவதற்கு ஐந்து வாரம் ஆனது. உங்கள் பின்கோடைச் சொல்லி, அங்கே வருவார்களா, பயணச் செலவை யார் ஏற்பது, மோட்டாருக்கும் கன்ட்ரோல் போர்டுக்கும் தனித்தனியே எத்தனை ஆண்டு வாரண்டி என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். ஏப்ரல், மே சீசனில், அதிலும் மலர்க் கண்காட்சி நடக்கும் நாட்களில், போக்குவரத்து நெரிசலுக்குப் பயந்து யாரும் மேலே வர மாட்டார்கள். 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸும் சேர்ந்துகொண்டது. அந்த மாதங்களைத் தவிர்த்து வாங்கினால், முதல் மாதத்துப் பழுதுகளுக்கு ஆள் கிடைக்கும்.

அட்டைப்பெட்டியையும் தெர்மாகோலையும் திருப்பி அனுப்பும் கெடு முடியும் வரை உலர்ந்த இடத்தில் வைத்திருங்கள். பிறகு அவற்றை ஓடைச்சரிவில் தள்ளிவிடாமல், குப்பை வண்டியில் தரம் பிரித்துக் கொடுங்கள்.

பொருத்தும் நாள்

குளிரில் லாரியில் வந்த இயந்திரத்தை வீட்டுக்குள் கொண்டுவந்த உடனே ஸ்விட்ச் போடக் கூடாது. கதகதப்பான அறைக்குள் வந்ததும் கண்ணாடி டம்ளரில் பூப்பதுபோல உள்ளே இருக்கும் போர்டிலும் நீர் பூக்கும். அரை நாளாவது அறையிலேயே இருக்கட்டும்.

பிறகு ஆள் ஏறாமல் மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் இரண்டு நிமிடம் ஓட விட்டு, பெல்ட் நடுவில் ஓடுகிறதா என்று பின்பக்கத்திலிருந்து கவனியுங்கள். வலது பக்கம் ஒதுங்கினால், பின்முனையில் வலது பக்கமுள்ள போல்ட்டை, கூடவே தரும் அலென் கீயால் கடிகார முள் செல்லும் திசையில் கால் சுற்று மட்டும் திருப்பி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும். இடது பக்கம் ஒதுங்கினால் இடது போல்ட்டை அவ்வாறே திருப்ப வேண்டும். அவசரப்பட்டு ஒரே மூச்சில் முழுச்சுற்று திருப்புகிறவர்கள்தான் பெல்ட்டின் ஓரத்தைக் கிழித்துக்கொள்கிறார்கள். அணைத்துவிட்டு, நடுப்பகுதியில் பெல்ட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் இரண்டு மூன்று விரற்கடை எழும்ப வேண்டும். அதற்கும் மேல் எழும்பினால் தளர்வு, எழும்பவே மறுத்தால் இறுக்கம்.

கடைசியாக, ஆள் ஏறாமல் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது மெயின் ஸ்விட்சை அணைத்து, மறுபடி போடுங்கள். மின்சாரம் திரும்பியதும் பெல்ட் தானாக ஓடத் தொடங்கக் கூடாது. பொத்தானை அழுத்திய பிறகே நகர வேண்டும். தானாக ஓடினால் அன்றே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

ஈரமும் உறைபனியும்

மலையில் ட்ரெட்மில்லுக்கு எமன் ஈரம்தான். கண்ணாடி போட்ட முன்வராந்தாவில் வைத்து, மூடுபனியைப் பார்த்துக்கொண்டே நடக்க எல்லோருக்கும் ஆசை வரும். இரவில் அந்த வராந்தாவில் கண்ணாடியெல்லாம் நீர் வழியும். அதே நீர் உருளையிலும் போர்டிலும் படியும். கார் நிறுத்தும் கொட்டகையும் கூடாது. அப்படி வைத்தால் வாரண்டி செல்லாது என்று பல கையேடுகளில் எழுதியே இருக்கும். சமையலறையை ஒட்டிய உட்சுவர்தான் வீட்டில் அதிகம் உலர்ந்த இடம். வாக்கிங் பேடைக் கட்டிலுக்கு அடியில் வெறுந்தரையில் கிடத்தாமல் ஒரு ரப்பர் விரிப்பின் மேல் வைத்து, மழைக்காலத்தில் யாரும் நடக்காவிட்டாலும் வாரம் இரண்டு முறை பத்து நிமிடம் ஓட விடுங்கள். மோட்டாரின் சூடே உள்ளே இருக்கும் ஈரத்தை விரட்டும்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெல்ட்டுக்கு அடியில் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். வழுவழுப்பாக இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். வறண்டிருந்தால் இரு பக்கமும் கையேட்டில் சொன்ன அளவு சிலிக்கான் ஆயிலை விட வேண்டும். தையல் மெஷின் எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் பெல்ட்டைக் கெடுத்துவிடும். தேங்காய் எண்ணெய் இங்கே டிசம்பரில் கட்டியாகவே உறைந்துவிடும் என்பதை யோசித்தாலே போதும். இடி இடிக்கும் மாலைகளில் ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே உருவிவிட வேண்டும்.

ஊட்டிப் பக்கத்தில் உறைபனி விழும் நாட்களில் பெல்ட் விறைத்திருக்கும். முதல் ஐந்து நிமிடம் 2 கி.மீ. வேகத்திலேயே போனால் இயந்திரத்துக்கும் நல்லது, தசைக்கும் நல்லது. ஆனால் ஒன்றை மட்டும் எந்த நாளும் செய்யாதீர்கள்: கதவையும் ஜன்னலையும் சாத்திய அறையில் கரி போட்ட கணப்பை வைத்துக்கொண்டு நடப்பது. கரி கக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. மூச்சு வாங்க நடப்பவர் அதை உட்கார்ந்திருப்பவரைவிட அதிகமாக உள்ளே இழுப்பார்.

ஏறி நிற்கும்போது

ஊட்டியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குதான். இங்கேயே வாழ்பவர்களின் உடல் அதற்குப் பழகியிருக்கும். சென்னையிலிருந்து வந்து தங்கும் பெற்றோருக்கு முதல் சில நாட்கள் அதே வேகத்திலேயே கூடுதலாக மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும். நடந்துகொண்டே ஒரு வாக்கியத்தைத் திணறாமல் சொல்லி முடிக்க முடிகிறதா என்பதை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஐந்து நாட்கள், நாளுக்கு முப்பது நிமிடம். அதைக் காலையில் பதினைந்து, மாலையில் பதினைந்து என்று பிரித்துக்கொண்டாலும் கணக்கில் சேரும். முதல் வாரம் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

ஏறும்போது பெல்ட்டின் மேல் நிற்காமல் இருபுறமுள்ள கால்பட்டைகளில் கால் வைத்து, கைப்பிடியைப் பிடித்து, பெல்ட் மெதுவாக நகரத் தொடங்கிய பிறகே அதன் மேல் இறங்க வேண்டும். சிவப்பு நிறப் பாதுகாப்புச் சாவியின் கயிற்றைச் சட்டையில் மாட்டிக்கொள்வது கட்டாயம். தடுமாறிப் பின்னே போனால் கயிறு சாவியை உருவி இயந்திரத்தை நிறுத்திவிடும். சேலை கட்டியிருப்பவர்கள் தலைப்பை இழுத்துச் செருகி, கொசுவம் பெல்ட்டில் உரசாத அளவுக்குத் தூக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். சால்வையையும் மஃப்ளரையும் கழற்றி வைத்துவிடுங்கள். வாக்கிங் பேடாக இருந்தால் அதன் ரிமோட் மேசையில் கிடக்கக் கூடாது, கையில் இருக்க வேண்டும்.

ஓடும் பெல்ட் பின் உருளையில் சுற்றித் திரும்பும் இடம் குழந்தைகளின் விரலை உள்ளே இழுத்துவிடும். அமெரிக்காவில் 2021-இல் பெயர்பெற்ற ஒரு வீட்டு ட்ரெட்மில், ஒரு குழந்தை இறந்ததை அடுத்துச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. ஆகவே நடந்து முடித்ததும் பிளக்கை உருவி, சாவியையும் இயந்திரத்தில் விட்டுவைக்காமல் எடுத்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் அது சமையலறை மேல் தட்டில், பெருங்காய டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. பேரன் இன்னும் அந்த உயரத்தை எட்டவில்லை.